கட்டுப்பாட்டுக் கோபுரத்துக் குடித்தனம்

என் தங்கையின் கணவர் வாழ்க்கையில் ஒருமுறை கூட விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் முப்பத்திரண்டு வருடங்கள் ஆறு மாதங்கள் ஒரு விமானத்தளத்தைத் தனி ஆளாக நடத்தி வந்தார். நடத்துகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. அவர் கோழி வளர்ப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தளம் எங்கள் ஊருக்கு வடக்கே இரண்டே கால் மைலில் இருக்கிறது. 1942இல் போருக்காகப் பதினோரு மாதத்தில் கட்டினார்கள். மொத்தம் நாற்பத்தொரு கட்டடங்கள். 1946இல் பட்டாளம் மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று. போர் நடந்த காலம் முழுவதும் எதிரி அங்கே ஒரு குண்டுகூடப் போடவில்லை. போட்டிருந்தாலும் அவ்வளவு சேதம் ஆகியிருக்காது; அதன் பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் கதவு, ஜன்னல், இரும்புக் கம்பி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி முடித்தார்கள். எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் ‘அவசர வழி’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். அது எப்படி வந்தது என்று அப்பா கடைசிவரை சொல்லவில்லை.

நான் நில ஆவண அலுவலகத்தில் பதிவு எழுத்தராக இருந்து 1990இல் ஓய்வு பெற்றவன். 1967இல், ஞாயிற்றுக்கிழமைகளில், அந்தத் தளத்தை நாடா பிடித்து அளந்து குறித்து வைத்தேன். அப்போது இருபத்தாறு கட்டடங்கள் நின்றன. 1993இல் பதினேழு, அவற்றில் கூரையோடு இருந்தவை ஒன்பது. பாதி மண்ணுக்குள் புதைந்த குண்டுக் கிடங்கில் யாரோ வெங்காயம் போட்டு வைத்திருந்தார்கள். பாராசூட்டுகளைத் தொங்கவிட்டு உலர்த்துவதற்கென்று முப்பதடி உயரத்தில், எட்டடி அகலத்தில் ஒரு கொட்டகை இருந்தது. அவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாததால் அது அப்படியே பிழைத்தது. ஓடுபாதையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டடுக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் என் தங்கை குடியிருந்தாள்.

அவள் அங்கே போய்ச் சேர்ந்த கதை இது. மாப்பிள்ளைக்கு மர அறுவை மில்லில் வேலை. பலகையை அரை அங்குலம் குறைத்து அறுக்கச் சொன்ன முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நேர்மையான சண்டைதான். ஆனால் மில் கொடுத்திருந்த வீடும் அதோடு போயிற்று. இருவரும் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்தார்கள். எங்கள் வீட்டில் சாய்வு நாற்காலி ஒன்றே ஒன்று. அதில் அப்பா உட்கார்ந்திருக்கும்போது மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். மாப்பிள்ளை உட்கார்ந்தால் அப்பா இருமுவார். இருபத்து மூன்று மாதங்கள் இப்படி நிற்பதும் இருமுவதுமாகப் போயிற்று.

1961 மார்ச் மாதக் கடைசியில் தளத்தின் கிழட்டுக் காவலாளி வேலையை விட்டுப் போனார். அவருக்குப் பதில் ஆள் போட எந்தத் துறைக்கும் தோன்றவில்லை. போகிற வழியில் டீக்கடையில் மாப்பிள்ளையைப் பார்த்து, கோபுரத்தின் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

“சும்மாதான் கெடக்கு, இருந்துக்கங்க. ஆனா ஒண்ணு. பின்னாடி வேலிக்குள்ள ஒரு மழைமானி இருக்கு. தெனம் காலையில எட்டு மணிக்கு அதுல எவ்வளவு தண்ணின்னு பாத்துக் கார்டுல எழுதணும். மாசம் முடிஞ்சா தபால்ல போடணும். கார்டு ரெண்டு பொட்டி நெறைய இருக்கு, ஸ்டாம்பு வேண்டாம். இது மட்டும் நிக்கக் கூடாது. நின்னா வந்து கேப்பாங்க.”

யார் வந்து கேட்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. மாப்பிள்ளையும் கேட்கவில்லை. மழையை அளந்தால் வீடு, அளக்காவிட்டால் வீடு இல்லை என்று அவர் புரிந்துகொண்டார். ஏப்ரல் முதல் தேதி காலை எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கிவிட்டார். அன்று மழை இல்லை.

கோபுரத்துக் கீழ்த்தளத்தில் மூன்று அறைகள். ஒன்று சமையலுக்கு, ஒன்று தீவன மூட்டைக்கு. தந்திக் கருவிகள் இருந்த பெரிய அறை கோழிகளுக்கு. மேலே ஒரே அறை. இருபதுக்குப் பதினான்கடி, நான்கு பக்கமும் ஜன்னல். வானத்தைப் பார்ப்பதற்கென்றே கட்டிய அறை அது. என் தங்கைக்கு அதுதான் முதல் மனக்குறை.

“பன்னெண்டு ஜன்னல் இருக்கு அண்ணா, ஒரு செவுரு இல்ல. பீரோவ எங்க வெச்சாலும் ஒரு ஜன்னல் அடைபடுது. தொறந்தா ஊரே என் பொடவையப் பாக்குது.”

“ஊரு ரெண்டே கால் மைல் தள்ளி இருக்கும்மா.”

“நீ அளந்து வெச்சிருப்ப. எனக்குப் பாக்கற மாதிரிதான் இருக்கு.”

மாப்பிள்ளைக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. மாடத்தில் நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடுபாதையைப் பார்ப்பார். இரண்டாவது மாதம், மாடிப்படிக்கு அடியில் கையால் சுழற்றும் அபாயச் சங்கு ஒன்று கிடைத்தது. கோழிகளைத் தீனிக்குக் கூப்பிட வசதியாக இருக்கும் என்று அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒருநாள் சாயங்காலம் முழு வேகத்தில் சுழற்றினார். போர் முடிந்து பதினைந்து வருடம்தான் ஆகியிருந்தது. ஊரில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார்கள். அப்பா எங்கள் ‘அவசர வழி’க்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. மறுநாள் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து விசாரித்தார். கோழிகள் மட்டும் ஒழுங்காக வந்து தின்றன. அன்று முதல் சங்குக்கு அரைச் சுற்றுதான் என்று முடிவாயிற்று.

அவர் கார்டு எழுதுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என்னவென்று கேட்டதில்லை. மேலே வேறொரு துறையின் பெயர் அச்சடித்திருந்தது. வேறு துறையின் விஷயத்தில் தலையிடக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்து வழக்கம்.

இப்படியே முப்பத்திரண்டு வருடம் ஓடியது. ஒரே மகள் அந்தக் கோபுரத்தில் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகிச் சுவர்கள் நிறைய உள்ள ஒரு வீட்டுக்குப் போனாள். 1993 செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி கோபுரத்துக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. லாரிகள் நிறுத்தவும் கிடங்குகள் கட்டவும் தளத்தை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். கைவிடப்பட்ட போர்க்காலக் கட்டடங்கள் பதினேழும் டிசம்பரில் இடிக்கப்படும். நோட்டீஸைப் பசையோடு கிழித்து எடுத்துக்கொண்டு இருவரும் என்னிடம் வந்தார்கள்.

நான் இரண்டு முறை படித்தேன். நான்காவது பத்தியில், எந்த அரசுத் துறையின் உபயோகத்திலாவது உள்ள கட்டடங்களுக்கு இது பொருந்தாது என்று இருந்தது.

“அப்பறம் என்ன, உபயோகத்துலதான இருக்கு,” என்றார் மாப்பிள்ளை. “நான் உபயோகப்படுத்தல?”

“நீங்க துறை இல்ல மாப்பிள்ளை.”

“முந்நூத்திப் பத்து கோழி இருக்கு மச்சான்.”

“கோழியும் துறை இல்ல.”

“உங்க ஆபீசுல இருந்த சில பேர விட என் கோழி ஒழுங்கா வேலை பாக்குது. துறையாம் துறை.”

தங்கை முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. இத்தனை வருடம் அந்தப் பன்னிரண்டு ஜன்னல்களைத் திட்டித் தீர்த்தவள். மகள் வீட்டுக்குப் போக அவளுக்கு இஷ்டமில்லை. எங்கள் வீட்டுப் பின்னறைக்குத் திரும்ப அதைவிட இஷ்டமில்லை. நோட்டீஸை என் கையிலிருந்து வாங்கி மடித்தபடியே கேட்டாள்.

“அண்ணா, மாசா மாசம் கார்டு போடறோமே. அது எங்கதான் போகுது?”

அந்தக் கேள்வியை அதுவரை எங்களில் யாரும் கேட்டதில்லை.

அக்டோபர் ஐந்தாம் தேதி நான் நகரத்துக்கு ரயிலேறி வானிலை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கண்ணாடி போட்ட, நடுத்தர வயது ஆய்வாளர் அம்மா ஒருவர் இருந்தார். விவரம் சொன்னதும் அலமாரியைத் திறந்து ஒரு கார்டுக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன்மேல் ‘நிலையம் 27, விமானத்தளம்’ என்று எழுதியிருந்தது.

“விமானத்தளம் மூடி நாப்பத்தேழு வருஷம் ஆச்சு, தெரியுமாம்மா?” என்றேன்.

“மூடியாச்சா?” என்றார். “எங்களுக்கு யாரும் சொல்லலையே. கார்டு தவறாம வருது. எங்க நிலையங்கள்ல இதுதான் ரொம்ப ஒழுங்கு. நன்றி தெரிவிச்சு தளபதிக்கு மூணு தடவ கடிதம் போட்டோம். மூணும் ஆள் இல்லைன்னு திரும்பி வந்துச்சு. பட்டாளத்துக்காரங்க எப்பவும் ஊர் மாத்திக்கிட்டே இருப்பாங்கன்னு விட்டுட்டோம்.”

ஆக அந்த அலுவலகத்தின் கணக்குப்படி தளம் மூடப்படவே இல்லை. துறையின் உபயோகத்தில் இருந்தது. அதற்கு எழுத்து மூலம் சான்று வேண்டும் என்றேன். நேரில் வந்து காலை எட்டு மணிப் பதிவைப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொன்னார். அந்த மாதம் பதினாறாம் தேதி வருவதாக நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

அவர் அனுமதியோடு கார்டுகளை எண்ணினேன். 390 மாதங்களுக்கு 388 கார்டுகள். 1968 மே இல்லை. அந்த மாதம் தபால்காரர்கள் வேலைநிறுத்தம். 1981 நவம்பரும் இல்லை. அதைக் கோழி கொத்திவிட்டது என்று தங்கை பிறகு சொன்னாள். எண்ணும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. 1972 டிசம்பர் வரை மாப்பிள்ளையின் கையெழுத்து. 1973 ஜனவரியிலிருந்து நான்காம் எண்ணின் வால் நீண்டு அடுத்த கட்டத்துக்குள் போயிருந்தது. அந்த வாலை எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளில் என் தங்கையின் கணக்கு நோட்டு முழுவதும் அந்த வால்தான். நகரத்து பஸ் 7.20க்கு மாறிய வருடம் அது; மாப்பிள்ளை முட்டைக் கூடைகளோடு அதில் ஏறத் தொடங்கியிருந்தார். எட்டு மணிக்கு அவர் ஊரிலேயே இருந்திருக்க முடியாது.

கிளம்பும்போது சுவரில் மாட்டியிருந்த மழை வரைபடத்தைப் பார்த்தேன். அதே படம் எங்கள் அலுவலகத்திலும் என் நாற்காலிக்குப் பின்னால் இருபது வருடம் தொங்கியது. சுற்றுவட்டாரம் முழுவதும் பச்சையாக இருக்க, எங்கள் ஊர் இருக்கும் இடத்தில் மட்டும் முட்டை வடிவத்தில் ஒரு மஞ்சள் திட்டு இருக்கும். ‘மழை குறைவு’ என்று பொருள். நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே பல காலைகளில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். படத்தை நான் சந்தேகித்ததில்லை, சட்டையைத்தான் சந்தேகித்திருக்கிறேன்.

ரயிலில் வரும்போதுதான் அந்தச் சந்தேகம் திசை மாறியது. மறுநாள் காலை ஏழரைக்கே கோபுரத்துக்குப் போய்விட்டேன். எட்டு மணிக்குத் தங்கை மழைமானிக்குள் இருந்த புட்டியை எடுத்து, அதிலிருந்த தண்ணீரை ஒரு ஜாம் பாட்டிலில் ஊற்றினாள்.

“இது என்னம்மா?”

“இதுதான் அளக்கற கிளாஸ்.”

“இதுக்குன்னு கோடு போட்ட கிளாஸ் ஒண்ணு இருந்திருக்கணுமே.”

“அது மூணாவது மாசமே ஒடஞ்சு போச்சு,” என்றாள். “இவர் கைதான். கேட்டா என்ன சொல்றதுன்னு பயந்து இத எடுத்து, மில்லுல இருந்து கொண்டாந்த அரத்தால பத்துக் கோடு போட்டாரு. அதுலயும் பத்துக் கோடு இருந்துச்சாம்.”

பாட்டில் நேராக இருந்தது. கோடுகள் சம இடைவெளியில், அழகாக, ஒரு நூல் பிசகாமல் இருந்தன. ஆனால் எது எதற்குச் சமம் என்று அவர் பார்க்கவில்லை. மழைமானியின் வாயை அளந்தேன், ஐந்து அங்குலம். மருந்துக்கடை அளவுக் குவளை ஒன்றை வாங்கி வந்து சாயங்காலம்வரை தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பாட்டிலின் ஒரு கோட்டுக்குள், ஒரு மில்லிமீட்டருக்குப் பதில், ஒன்றரை மில்லிமீட்டர் மழை அடங்கியது. மூன்று பங்கு மழை பெய்தால் கார்டில் இரண்டு பங்கு ஏறியிருக்கிறது. 388 கார்டுகளில் முதல் இரண்டு சரி. மீதி 386 தவறு. எங்கள் ஊரின் மேலிருந்த மஞ்சள் திட்டு ஒரு ஜாம் பாட்டிலின் அகலம்.

மாப்பிள்ளை நகரத்திலிருந்து திரும்பியதும் இதைச் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“மச்சான், இத அந்தம்மாகிட்ட சொல்லப் போறீங்களா?”

“கேட்டா சொல்லித்தான் ஆகணும்.”

“கேக்கலன்னா?”

“கேக்கலன்னா யோசிக்கணும்.”

“வாழ்க்கையில ஒரே ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, ஒண்ண கண்டுக்காம விடுங்க. விட்டா என்ன, வயித்தால போயிடுமா? இங்க கோபுரமே போகப் போகுது. உங்களுக்குப் பாட்டில் கணக்கு.”

“அரை அங்குலத்துக்கு மில்லையே விட்டு வந்தவரு நீங்க.”

“அது பலகை மச்சான். காசு குடுத்து வாங்கறான். மழைய யாரு வாங்கறா?”

தங்கை தீவனம் கலந்துகொண்டே, “ரெண்டு பேரும் கொஞ்சம் நகந்து நின்னு சண்ட போடுங்க, கோழி தின்னல,” என்றாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

மாப்பிள்ளை தன் வழியில் ஏற்பாடு செய்தார். வேளாண்மைப் பண்ணையில் வேலை பார்த்த பழக்கக்காரர் ஒருவரிடம் முறையான அளவுக்குவளை ஒன்றை இரவல் வாங்கி வந்தார். ஜாம் பாட்டிலைத் தீவன மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். பதினாறாம் தேதி முட்டை விற்கப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, மாடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முந்தின நாள் நல்ல மழை. ஆய்வாளர் அம்மா ஏழு ஐம்பதுக்கு ஜீப்பில் வந்து சேற்றில் கால் வைத்தார். ஓடுபாதையின் ஓரத்து மதில்களையும் பாராசூட் கொட்டகையையும் ஒரு பார்வை பார்த்தார். ஒரு கோழி அவர் செருப்பைப் பரிசோதித்தது.

“தளபதி நீங்கதானா?” என்று மாப்பிள்ளையிடம் கேட்டார்.

“ஆமாங்க,” என்றார் மாப்பிள்ளை, கூச்சமில்லாமல். “முப்பத்திரண்டு வருஷமா நான்தான் அளக்கறேன்.”

“சரி. வழக்கம்போல அளங்க. நான் பாக்கறேன்.”

மாப்பிள்ளை புட்டியை எடுத்தார். இரவல் குவளை சிறியது. கனத்த மழையை அதில் நாலைந்து தவணையாகத்தான் அளக்க முடியும். இது அவருக்குத் தெரியாது. எல்லாத் தண்ணீரையும் ஒரே மூச்சில் சாய்த்தார். குவளை நிரம்பி, சட்டைக் கை நனைந்து, மீதி வேட்டியில் இறங்கியது. நிரம்பிய குவளையைத் தலைக்கு மேல் தூக்கி, கீழேயிருந்து கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

“கண்ணுக்கு நேரா பிடிங்க,” என்றார் ஆய்வாளர் அம்மா.

நேராகப் பிடிக்கும்போது இன்னும் கொஞ்சம் போயிற்று. “எட்டுங்க,” என்றார் மாப்பிள்ளை.

“நேத்து பெய்ஞ்சதுக்கு எட்டா?”

“இல்ல, பத்தே வெச்சுக்கலாம்.”

நான் வாயைத் திறக்கத்தான் போனேன். அதற்குள் தங்கை சமையலறைப் பக்கமிருந்து வேலியைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் ஜாம் பாட்டில். ஈரத்தை முந்தானையால் துடைத்தபடியே பேசினாள்.

“அம்மா, அந்தக் கிளாஸ் முந்தாநாள்தான் வந்துச்சு. நாங்க அளக்கறது இதுல. மழைமானியில இருந்தது இருபத்தி நாலு கோடு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் அளந்து, கார்டுல எழுதிட்டு, தண்ணியத் திருப்பி ஊத்திட்டேன். இவர் கையில குடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.”

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். நான் என் சட்டைப் பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஆய்வாளர் அம்மா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய்க் குடத்துத் தண்ணீரைப் பத்தாவது கோடுவரை ஊற்றி, அதைத் தன் பெட்டியிலிருந்த குவளையில் அளந்தார். பதினைந்து. நான்காவது கோடுவரை ஊற்றி அளந்தார். ஆறு. மூன்றாவது முறை அளக்கப் போனபோது நான் தாளை நீட்டினேன். ஒன்றிலிருந்து பத்துவரை எல்லாக் கோட்டுக்கும் அதில் எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு மடித்து வைத்தார்.

“எப்ப இருந்து இந்தப் பாட்டில்?”

“அறுவத்தொண்ணு ஜூன்,” என்றாள் தங்கை.

“நடுவுல மாத்தினீங்களா? ஒரு தடவையாவது? ஒடஞ்சு வேற பாட்டில், வேற கோடு, எதாவது?”

“இல்லம்மா. இவர்தான் நல்லதா ஒண்ணு வாங்கலாம்னு ரெண்டு தடவ கெளம்பினாரு. நான் விடல. திடீர்னு கார்டுல மழை கூடிப் போனா மேல இருந்து யாராவது வந்து கேப்பாங்கன்னு பயம்.”

ஆய்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு வெகு நேரம் ஆனது.

“மாத்தியிருந்தீங்கன்னா அவ்வளவு கார்டையும் நான் கட்டிப் பரண்ல போட்டிருப்பேன். மாத்தாததால எல்லாத்தையும் ஒன்றரையால பெருக்கினாப் போதும். முப்பத்திரண்டு வருஷம், ஒரு நாள் விடாம. எங்க ஆளுங்க வெச்சிருக்கற நிலையத்துலயே இப்படி இல்ல.”

மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. “பாத்தீங்களா மச்சான்,” என்றார் என்னிடம். “தப்பாச் செஞ்சாலும் நான் ஒரே மாதிரி செஞ்சிருக்கேன்.”

“நீங்க செஞ்சது பாட்டில்ல கோடு போட்டது,” என்றாள் தங்கை.

ஆய்வாளர் அம்மா படிவத்தை எடுத்துச் சமையலறை மேடையில் வைத்து எழுதத் தொடங்கினார். கோபுரம் துறையின் உபயோகத்தில் உள்ளது. மழைப் பதிவாளர் அங்கேயே தங்கியிருப்பது அவசியம். இதுவரை சரி. அடுத்த கட்டத்தில் பதிவாளரின் வயது கேட்டிருந்தது.

“அறுபத்தொண்ணு,” என்றார் மாப்பிள்ளை.

பேனா நின்றது. “அறுபதுக்கு மேல போட முடியாதுங்க. விதி.”

ஒரு கோழி உள்ளே வந்து, நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. ஆய்வாளர் அம்மா என்னைப் பார்த்தார்.

“ஐயா, நீங்க கார்டெல்லாம் எண்ணினீங்களே. நானும் ஒரு விஷயம் கவனிச்சிருக்கேன். எழுவத்தி மூணுல இருந்து கையெழுத்து வேற. அது யாரு?”

கேட்டுவிட்டார். கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். “அந்த 248 கார்டும் என் தங்கை எழுதினது,” என்றேன். “முதல் 140 மட்டும் மாப்பிள்ளை.”

“உங்க வயசு என்னம்மா?”

“அம்பத்தி நாலு.”

பேனா மறுபடி ஓடியது. மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் மனைவி அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு, போய் ஆய்வாளர் அம்மாவுக்கு மோர் கொண்டு வந்தார். முப்பத்திரண்டு வருடத்தில் அந்த வீட்டில் அவர் யாருக்காவது மோர் கொண்டுவந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நவம்பர் இருபதாம் தேதி உத்தரவு வந்தது. கோபுரமும் அதை ஒட்டிய பழைய தீயணைப்பு வண்டிக் கொட்டகையும் இடிப்பிலிருந்து விலக்கு. மழைப் பதிவாளரும் ‘அவரைச் சார்ந்தோரும்’ அங்கே வசிக்கலாம். மழைமானிக்கு முப்பது அடிக்குள் கோழி வரக் கூடாது. அவரைச் சார்ந்தோர் முந்நூற்றுப் பத்து கோழிகளையும் ஒரே நாளில் கொட்டகைக்கு மாற்றினார். அன்று அவர் என்னோடு பேசவில்லை.

மீதிப் பதினைந்து கட்டடங்களில் பன்னிரண்டு அந்த டிசம்பரில் விழுந்தன. பதுங்கு அறைகள் மூன்றை இயந்திரத்தால் அசைக்க முடியவில்லை. விழக் கூடாது என்பதற்காகவே கட்டியவை அவை. இடிக்க வந்தவர்கள் நான்கு நாள் பாடுபட்டு, இயந்திரத்தின் இரண்டு பற்களை உடைத்துக்கொண்டு, கிடக்கட்டும் என்று விட்டுப் போனார்கள். ஆக இன்று அங்கே நிற்பவை ஐந்து.

ஆனால் முதல் நாள் காலை, இடிப்பு வேலை மேஸ்திரி இயந்திரத்தை நேராகக் கோபுரத்து வாசலுக்குத்தான் கொண்டு வந்து நிறுத்தினார். அவர் கையிலிருந்தது பழைய பட்டியல். மாப்பிள்ளை உத்தரவை எடுத்துக் காட்டினார். மேஸ்திரி அதை வரிவரியாகப் படித்தார்.

“சரிங்க. ஆனா இதுல பேர் போட்டிருக்கறவங்க என் பட்டியல்ல ஒரு கையெழுத்துப் போடணும். நீங்க யாரு?”

“நான் அவங்க வீட்டுக்காரரு.”

“உங்க கையெழுத்து செல்லாதுங்களே.”

மாப்பிள்ளை இயந்திரத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மாடிப்படிக்கு அடியில் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலே பார்த்துக் கூப்பிட்டார்.

“ஏங்க, கொஞ்சம் கீழ வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போறீங்களா?”

மேலே பன்னிரண்டு ஜன்னல்களில் ஒன்று திறந்தது.

“மணி ஏழு அம்பது. எட்டு மணிக்கு அளந்துட்டு வரேன். அவர உக்காரச் சொல்லுங்க.”

மேஸ்திரி படியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்தார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் பத்து நிமிடம் காத்திருந்தோம். அன்றைய பதிவு, சுழியம்.